பேனுக்காக மட்டும் அல்ல

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வழியில், பர்லியாறு பக்கம் சாலையோரச் சுவரைக் கவனியுங்கள். ஒரு மந்தி கண்ணை மூடிக் குப்புறப் படுத்திருக்கும். இன்னொன்று அதன் முதுகு மயிரை விலக்கி விலக்கி, எதையோ கிள்ளி வாயில் போட்டுக்கொண்டிருக்கும். உச்சி மயிர் குல்லாய்போலக் கவிந்திருந்தால் அது நாட்டுக்குரங்கு. சோலைக்காட்டுக் கருமந்தி வேறு இனம், இலைதின்னி.

கிள்ளியெடுப்பது பேன், ஈர், உண்ணி, தோல் செதில். முதுகும் பிடரியும் தன் கைக்கு எட்டாதவை, ஆகவே துணை வேண்டும். ஆனால் பொறுக்க ஒன்றுமே இல்லாதபோதும் விரல்கள் ஓய்வதில்லை. பேன் பார்க்கப்படும் குரங்கின் இதயத் துடிப்பு தணிகிறது. வலியைத் தணிக்கும் எண்டார்பின் உடலில் சுரக்கிறது.

இதற்குள் ஒரு கணக்கும் உண்டு. ஆண்களான கடுவன்கள் வளர்ந்ததும் பெரும்பாலும் வேறு கூட்டம் தேடிப் போய்விடும். பெண்களான மந்திகளோ பிறந்த கூட்டத்திலேயே ஆயுளைக் கழிப்பவை. அவற்றுக்குள் மேல்கீழ் வரிசை உண்டு. யார் தயவு எப்போது வேண்டியிருக்கும் என்று சொல்ல முடியாது. நாட்டுக்குரங்குகளைப் பற்றி 1998இல் ஆய்வாளர் அனிந்திய சின்ஹா வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. இரண்டு மந்திகள் பேன் பார்த்துக்கொண்டிருக்கையில் இருவரையும்விட உயர்ந்த ஒருத்தி நெருங்கினால், பெரும்பாலும் இருவரில் தாழ்ந்தவளே எழுந்து விலகுகிறாள். மற்றவள் அசைவதில்லை. வருகிறவள் தனக்கு மேல் என்பது மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவளின் இடமும் இருவருக்கும் தெரிந்திருக்கிறது! குரங்குப் புத்தி என்று ஏளனம் செய்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

நாட்டுக்குரங்கில் இன்னொரு விசேஷம், கடுவன்களும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு உட்காரும், பேன் பார்க்கும். இதன் நெருங்கிய உறவினங்கள் பலவற்றில் வளர்ந்த கடுவன்களிடையே இவ்வளவு இணக்கம் கிடையாது.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். சிம்லாவின் ஜாக்கு கோயில் குரங்குகளை ஆராய்ந்தவர்கள், மனிதர்களையே கவனித்துக்கொண்டிருக்கும் குரங்குகள் பேன் பார்ப்பதற்குச் செலவிடும் நேரம் குறைவதாக 2019இல் எழுதினார்கள். அவை வேறு இனம்தான். ஆனால் நம் மலைப்பாதையிலும் பிஸ்கட் பொட்டலம் கண்ணில் பட்டதும் சுவரில் படுத்திருந்த மந்தி எழுந்து ஓடிவருவதை யாரும் பார்க்கலாம். தின்பண்டத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாருங்கள்.