மீன் குட்டை ஏரேட்டர்: எந்தத் தண்ணீருக்கு எந்தச் சாமான்?

மளிகையோடு இரும்புச் சாமானும் விற்கும் கடைக்கு, மீன் குட்டை வைத்திருக்கும் விவசாயி ஏரேட்டருக்குப் போல்ட்டோ ஷாஃப்டோ கேட்டு வந்தால், "தண்ணீர் நல்லதா, உப்பா?" என்று முதலில் கேளுங்கள்.

இரவில் குட்டையிலுள்ள பாசியும் பிராணவாயுவை இழுக்கும். விடியும் முன்பே அது மிகவும் குறையும். அந்நேரம் ஏரேட்டர் நின்றால் ஒரே இரவில் முதல் போய்விடும். அரை அங்குலப் போல்ட் அறுந்தாலும் விளைவு அதுதான்.

துடுப்புச் சக்கர ஏரேட்டரில் மோட்டார், கியர் பெட்டி, ஷாஃப்ட், சட்டம், மிதவை, துடுப்பு ஆகியவை முக்கியம். மிதவைக்கு ஹெச்.டி.பி.இ. பிளாஸ்டிக் ஏற்றது. வெயிலைத் தாங்கும் சேர்மானம் அதில் இருக்க வேண்டும். பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்தது சீக்கிரம் வெடித்துவிடும்.

எவர்சில்வரிலும் வகை உண்டு

304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. திருவெண்ணெய்நல்லூர் பக்கத்துக் கட்லா, ரோகு குட்டைகளின் நல்ல தண்ணீருக்கு இது போதும். மரக்காணம் போன்ற கரையோர இறால் பண்ணைகளின் உப்புநீரில் 304-இல் குழிக்குழியாக அரிப்பு விழும். அங்கே 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 ரகமே நல்லது.

நிக்கல் குறைந்த 202 ரகம் விலை மலிவு. காந்தம் அதிலும் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. ஆகவே காந்தத்தை மட்டும் நம்பிக் கொள்முதல் செய்யாதீர்கள். எவர்சில்வர் சட்டத்தில் ஜி.ஐ. போல்ட் போட்டுக் கொடுப்பதும் தவறு. உப்புநீரில் இரண்டும் சேர்ந்தால் போல்ட்தான் முதலில் அரித்துப் போகும்.

கடைக்காரர் செய்ய வேண்டியது

இரண்டு ரகத்தையும் தனித்தனிப் பெட்டியில் வையுங்கள். மொத்த வியாபாரியிடம் டெஸ்ட் சர்டிபிகேட் கேட்டு வாங்குங்கள். நீங்கள் கொடுக்கும் பில்லிலும் ரக எண்ணை எழுதுங்கள். ஆயில் சீல், கியர் ஆயில், கெபாசிட்டர் ஆகியவை அவசரத்துக்குத் தேடி வரும் சரக்குகள். கொஞ்சமேனும் இருப்பில் இருக்கட்டும்.

சுந்தரர் வழக்கு ஓலையைக் காட்டித் தீர்ந்த ஊர் நம் திருவெண்ணெய்நல்லூர். வியாபாரத்திலும் வாய்ச்சொல்லைவிட எழுத்தே நிற்கும். ரகம் எழுதிய பில், வாங்குபவருக்கும் காப்பு, விற்பவருக்கும் காப்பு.