கீழ்த்தாடைக்கு இரண்டு போதும்: இம்பிளான்ற் கட்டுப்பல்லும் அதன் செலவும்

“மேல் செற் பரவாயில்லை, கீழ் செற்தான் நிக்குதில்லை.” முழுப் பல்லும் போய்க் கட்டுப்பல் போட்ட எங்கள் முதியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். புழுக்கொடியலைக் கைவிட்டு வெகுகாலம் ஆகியிருக்கும். பிறகு முறுக்கும் பருத்தித்துறை வடையும் போயின. அடுத்து இறைச்சியும் பச்சைக் காய்கறியும் தட்டிலிருந்து விலக, குழைத்த சோறும் இடியப்பமும் பாணுமே மிஞ்சுகின்றன. நீரிழிவு உள்ளவருக்குச் சாப்பாடு முழுக்க மாவாகிப்போவது நல்லதல்ல. கல்யாண வீட்டுப் பந்தியில் இருக்கக் கூச்சப்பட்டு வீட்டோடு நின்றுவிடுபவர்களும் இருக்கிறார்கள்.

இந்த நிலையில்தான் தாடை எலும்பில் திருகிப் பொருத்தும் இம்பிளான்ற் பற்றிக் கேள்விப்படுகிறார்கள். விலையைக் கேட்டதும் சிலர் அந்த எண்ணத்தையே விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் தேவைக்கு மிஞ்சிய சிகிச்சைக்காக நகையை அடகு வைக்கிறார்கள். இரு சாராரும் முதலில் அறிய வேண்டியது ஒன்று: கீழ்த்தாடைக்கு இரண்டு இம்பிளான்ற் பெரும்பாலானோருக்குப் போதும்.

கீழ் செற் ஏன் ஆடுகிறது

பல்லைப் பிடுங்கியதும் அதைத் தாங்கிய எலும்பு கரையத் தொடங்குகிறது. முதல் ஆண்டில் வேகமாகக் கரையும். பிறகு மெதுவாகும், ஆனால் நிற்காது. நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1972இல் வெளியான ஆய்வொன்றில், கீழ்த்தாடை மேல்தாடையை விட ஏறத்தாழ 4 மடங்கு கரைந்திருந்தது. மேல் செற்றுக்கு அண்ணம் முழுவதும் இடம் இருக்கிறது. உமிழ்நீரின் பிடிப்பில் ஒட்டிக்கொள்கிறது. கீழே அந்த அகலம் இல்லை, போதாததற்கு நாக்கு வேறு தள்ளுகிறது. பத்து வருடத்துக்கு முன் கச்சிதமாக இருந்த செற் இப்போது ஆடினால், கட்டியவரில் பிழை சொல்ல முடியாது. அடியிலிருந்த எலும்பு குறைந்துவிட்டது.

இம்பிளான்ற் என்பது டைற்றேனியத்தால் ஆன சிறு திருகு. எலும்பு இந்த உலோகத்தோடு இறுகச் சேர்ந்து வளர்வதை 1952இல் சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனெமார்க் முயல்களில் கண்டார். 1965இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். அந்த மனிதர் தாம் இறக்கும்வரை, ஏறத்தாழ 40 ஆண்டுகள், அவற்றால் உண்டு வாழ்ந்தார்.

மொன்றியலில் எடுத்த முடிவு

எங்கள் ஆட்கள் பலர் வாழும் மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் 2002இல் பல் நிபுணர்கள் கூடினார்கள். பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதலில் சிந்திக்க வேண்டிய சிகிச்சை, இரண்டு இம்பிளான்றில் நிற்கும் கழற்றக்கூடிய கட்டுப்பல்தான் என்று அங்கே உடன்பாடு எட்டப்பட்டது. 2009இல் இங்கிலாந்தின் யோர்க் நகரிலும் அந்த நிலைப்பாட்டையே உறுதிசெய்தார்கள்.

செய்முறை இதுதான். கீழ்த்தாடையின் முன்பக்கத்தில், வேட்டைப்பற்கள் இருந்த இடத்தை ஒட்டி இரண்டு திருகுகள் வைக்கப்படும். எலும்பு பெரும்பாலும் அங்கேதான் அடர்த்தியாக எஞ்சியிருக்கும். எலும்பு இறுகச் சுமார் 3 மாதம், சிலருக்கு 6 மாதம் வரை விட்டு, திருகின் தலையில் சிறு பிடியைப் பூட்டுவார்கள். கட்டுப்பல்லின் அடியில் அதற்கேற்ற நைலோன் வளையம் இருக்கும். சட்டையின் அழுத்துப் பொத்தான் போல வைத்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். இரவில் கழற்றிக் கழுவலாம்.

மேல்தாடை எலும்பு மென்மையானது. அங்கே இதே முறைக்குப் பொதுவாக 4 இம்பிளான்றாவது தேவைப்படும். மேல் செற் ஓரளவு நிற்கிறதென்றால் அதைத் தொட அவசரப்பட வேண்டாம். கீழே மட்டும் செய்து சில மாதம் சாப்பிட்டுப் பார்த்த பிறகு தீர்மானிக்கலாம்.

கழற்றவே முடியாத நிரந்தரப் பல்வரிசையும் உண்டு. ஒரு தாடைக்கு 4 முதல் 6 இம்பிளான்ற் வேண்டும். செலவும் பல மடங்கு. சொந்தப் பல் போன்ற உணர்வைத் தருவது அதுதான், மறுக்கவில்லை. ஆனால் கை நடுங்கும், கண் மங்கிய எழுபத்தைந்து வயதுக்காரர் அதன் அடியில் தூரிகை விட்டுத் துப்புரவாக்குவது பெரும்பாடு. காசு இருந்தாலும் அப்படிப்பட்டவர்களுக்குக் கழற்றும் வகையையே நான் சொல்வேன்.

சொன்ன விலையும் முடியும் விலையும்

விளம்பரத்தில் வரும் தொகை பெரும்பாலும் ஒரு திருகின் விலை. வாய்க்குள் பல் வந்து நிற்க அது மட்டும் காணாது.

கணக்கு விளங்குவதற்காக மட்டும், ஒரு இம்பிளான்ற் 150,000 ரூபா என்று வையுங்கள். இரண்டுக்கு 300,000. மேலே பூட்டும் பிடி ஒன்று 30,000 என்றால் 60,000. புதிய கட்டுப்பல் 80,000. எக்ஸ்றே, ஸ்கான், மருந்து 20,000. கூட்டினால் 460,000, காதில் விழுந்த தொகையின் மூன்று மடங்குக்கும் மேல். உங்களுக்குச் சொல்லப்படும் எண்கள் வேறாக இருக்கும், கணக்கின் வடிவம் இதுதான். எலும்பு போதாமல் எலும்புத்துகள் வைக்க நேர்ந்தால் அது தனிச் செலவு.

ஆகவே “ஒரு இம்பிளான்ற் எவ்வளவு?” என்று கேட்பதை விடுங்கள். “பல்லோடு நான் வீட்டுக்குப் போகும்வரை மொத்தம் எவ்வளவு, எழுதித் தருவீர்களா?” என்று கேளுங்கள். திருகு எலும்போடு சேராமல் கழன்றால் மறுபடி வைப்பது யார் செலவில் என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். இப்போது போட்டிருக்கும் செற் நல்ல நிலையில் இருந்தால் அதையே துளைத்துப் பிடிகளைப் பதிக்கலாமா என்றும் விசாரியுங்கள். அப்படி முடிந்தால் புதிய செற்றின் காசு மிச்சம்.

பொருத்திய பிறகும் செலவு உண்டு. நைலோன் வளையங்கள் தேயும்; பலருக்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற நேரும். எலும்பு கரையக் கரையச் செற்றின் அடியை நிரப்ப வேண்டும். சில ஆண்டுகளில் செற்றையே புதிதாகக் கட்டவும் நேரும். திருகு மட்டும் அப்படியே இருக்கும்: கீழ்த்தாடையில் வைத்தவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பத்தாண்டு கடந்தும் நிலைத்திருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

டொலரும் கொம்பனியும்

இந்தத் திருகுகள் இறக்குமதியாகின்றன. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர், மே மாதத்துக்குள் 360 வரை போனதை மறந்திருக்க மாட்டோம். பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு போனால் திகைப்புத்தான்.

சுவிற்சர்லாந்தின் ஸ்ட்ரோமான், சுவீடனில் தோன்றிய நோபல் பயோகெயார் போன்றவை விலை கூடியவை. கொரியாவின் ஒஸ்ரெம் போன்றவை குறைந்தவை. விலை குறைந்தது என்பதற்காக ஒதுக்கத் தேவையில்லை. நிறுவனம், மாதிரி, தொகுதி இலக்கம் மூன்றையும் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கிப் பிறப்புச் சான்றிதழோடு வையுங்கள். பத்தாண்டு கழித்து வேறொரு வைத்தியர் பிடியை மாற்ற வேண்டி வந்தால், எந்தத் திருகென்று தெரியாமல் அவரால் எளிதில் எதுவும் செய்ய முடியாது.

வெற்றிலை, சுருட்டு, சீனி

புகையிலை விளைந்த யாழ்ப்பாண மண் இது. சுருட்டும் சிகரெட்டும் இம்பிளான்ற் தோல்வியை ஏறத்தாழ இரு மடங்காக்குகின்றன. வெற்றிலை பாக்கு நெடுங்காலம் போட்டவர்களுக்கு வாயின் உட்புறம் நார் பாய்ந்து, வாய் அகலத் திறக்காமல் போகலாம். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால், பல்லைப் பற்றிப் பேசுமுன் அதைக் காட்டுங்கள், யாழ். போதனா வைத்தியசாலைக்குப் போகக் காசு தேவையில்லை.

நீரிழிவு கட்டுப்பாட்டில் இருந்தால் இம்பிளான்ற் வைக்கலாம், இல்லாவிட்டால் முதலில் அதைக் கட்டுப்படுத்த வேண்டும். எலும்புத் தேய்வுக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், தெல்லிப்பழையிலோ வேறெங்கோ தலை, கழுத்துக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களும் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கதிர்வீச்சுப் பட்ட எலும்பில் துளையிட்டால் புண் ஆறாமலே போகக்கூடும்.

பல் வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா என்று பார்ப்பது உங்கள் உரிமை. “குறைந்த காசுக்குப் பல்லுக் கட்டித் தருகிறேன்” என்று வரும் பதிவில்லாதவரை வாயில் கைவைக்க விடாதீர்கள்.

காசைப் பிரித்துக் கட்டுதல்

சிகிச்சை மாதக்கணக்கில் நடப்பதால் முழுத் தொகையையும் முதல் நாளே கட்டத் தேவை இல்லை. அறுவைச் சிகிச்சைக்கு ஒரு பங்கு, பல் பொருத்தும் நாளில் மற்றப் பங்கு என்று பேசிக்கொள்ளலாம். நகையை அடகு வைப்பதென்றாலும் இரண்டு தவணையாக வையுங்கள். அந்த இடைக்கால வட்டி மிச்சம். கடனட்டையில் வட்டியில்லாத் தவணை என்றால், கையாளும் கட்டணம் எவ்வளவு என்று வங்கியிடம் கேளுங்கள். அரச ஊழியர்கள் அக்ரஹார காப்புறுதியில் இதற்கு இடமுண்டா என்பதைச் சிகிச்சைக்கு முன்பே விசாரிப்பது நல்லது.

இரண்டு இம்பிளான்றுக்கும் வழியில்லை என்றால் சோர வேண்டாம். நன்றாக அளவெடுத்துப் புதிதாகக் கட்டிய சாதாரண செற், பழைய ஆடும் செற்றை விட எவ்வளவோ மேல்.

பலாலியிலிருந்து சென்னைக்கு விமானமும், காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலும் ஓடுவதால் அங்கே போய்ச் செய்ய நினைப்பவர்கள் உண்டு. இரண்டு பயணமாவது வேண்டும். வளையம் தேய்ந்தால் இங்கே யார் மாற்றித் தருவார் என்பதை முதலே உறுதிப்படுத்துங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு

கனடாவில் 2024 மே முதல் சேவை தரும் அரச பல் காப்புத் திட்டம் சாதாரண கட்டுப்பல்லை ஏற்கிறது, இம்பிளான்றை ஏற்பதில்லை. பிரித்தானிய அரச மருத்துவ சேவையும் மிகச் சிலருக்கே தருகிறது. அதனால் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊர் வரும்போது செய்துகொள்ளலாம் என்று பலர் நினைப்பது இயல்பு. ஒரு மாத விடுமுறையில் எலும்பு இறுகாது. முதல் வருகையில் திருகு, மறு வருகையில் பல் என்று திட்டமிடுங்கள்.

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குச் செய்விப்பதென்றால், காசை அனுப்புமுன் மொத்தச் செலவு எழுதிய தாளின் படத்தைக் கேட்டு வாசியுங்கள். பிறகு ஒவ்வொரு ஆண்டும் வளையம் மாற்றவும் வைத்தியர் பார்க்கவும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி, அந்தத் திகதியை நீங்களே ஞாபகப்படுத்துங்கள்.