தங்கிய வீடுகள் – 11: ஒரு கிணறு, மூன்று வீடு

ரொறன்ரோவிலிருந்து அண்ணா அனுப்பிய குரல்பதிவு ஒன்றரை நிமிடம் ஓடியது. சொன்னது இவ்வளவுதான்: "ஓகஸ்ட்டில எல்லாரும் வாறம். நிலாவெளிப் பக்கம் பழைய காலத்துப் பெரிய வீடு ஒண்டு பார். எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கோணும்."

எல்லாரும் என்றால் பத்தொன்பது பேர். எண்பத்திரண்டு வயதுப் பெரியம்மா தொடக்கம் பல் முளைக்காத பேரப்பிள்ளை வரை. லண்டன் அக்கா தன் பங்குக்கு ஒரு படமும் அனுப்பினார். தூண் வைத்த விறாந்தை, ஓட்டுக் கூரை, முற்றத்தில் ஒரு வயசான மாமரம். எந்த ஊர் என்று கேட்டேன். "ஊர் தெரியாது, இப்படி ஒண்டு" என்றார். நாட்டில் மிஞ்சியிருப்பவன் நான். தேடும் வேலை என் தலையில்.

சென்ற வாரம் வாடிவீடுகளைப் பற்றி எழுதினேன். அங்கே எடுப்பது ஓர் அறை. வீட்டுக் கவலை வேறொருவருடையது. வீட்டையே முழுதாக எடுத்தால் அதன் கூரை, குசினி, கிணறு எல்லாம் சில நாளைக்கு நம் கவலை. இந்த வாரம் அந்தக் கதை.

மாளிகையை முழுதாக வாடகைக்கு எடுத்துக் குடும்பமாகப் போய் இருப்பது இங்கிலாந்தின் பழைய வழக்கம். அதற்கும் திருகோணமலைக்கும் எதிர்பாராத ஓர் உறவு உண்டு. ஜேன் ஆஸ்டின் எழுதி முடித்த கடைசி நாவல் 'பெர்சுவேஷன்'. அவர் இறந்த 1817ஆம் ஆண்டின் கடைசியில் அது வெளிவந்தது. கடன் முற்றிய பிரபு ஒருவர் தன் மாளிகையை வாடகைக்கு விடுகிறார். எடுக்கிறவர் ஓர் அட்மிரல், கீழைக் கடல்களில் காலம் கழித்துத் திரும்பியவர். குடிவந்த அட்மிரலும் மனைவியும் வீட்டைப் புரட்டிப் போடவில்லை. பிரபு தன் அழகைப் பார்க்கவென்று வைத்திருந்த பெரிய கண்ணாடிகளை அறையிலிருந்து அகற்றினார்கள். சலவைக் கட்டின் கதவைச் சரிப்படுத்தினார்கள். பரம்பரையாக இருந்தவர் கண்ணில் படாத கதவு, வாடகைக்கு வந்தவர்கள் கண்ணில் பட்டது.

ஆஸ்டினின் தம்பி சார்ல்ஸ் பின்னாளில் உண்மையாகவே கீழைக் கடற்படைப் பிரிவின் தளபதியானார். பர்மாப் போர் நடந்த 1852 ஒக்ரோபரில் ஐராவதி ஆற்றில், கப்பலிலேயே வாந்திபேதியில் இறந்தார். அவரை அடக்கம் செய்தது திருகோணமலையில். நகரத்துப் பழைய ஆங்கிலேய மயானத்தில் கல்லறை இன்றும் இருக்கிறது.

அப்படிப்பட்ட ஊரில் பழைய பெரிய வீடு இல்லாமலா? இருக்கிறது, சென்றி பொயின்ற்றுக்கு அந்தப் பக்கம். தளபதிகள் குடியிருந்த அட்மிரால்டி ஹவுஸ், 1957இல் பிரித்தானியர் தளத்தைக் கையளித்தபின் இலங்கைக் கடற்படையின் வளாகத்துக்குள் போய்விட்டது. பிரெட்ரிக் கோட்டைக்குள் வெல்லிங்டன் பெயர் சொல்லும் வீடு ஒன்று உண்டு. வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர், வெறும் ஆர்தர் வெல்லெஸ்லியாக இருந்த நாளில், 1800 முடிந்து 1801 தொடங்கிய மாதங்களில் படையோடு திருகோணமலையில் காத்துக் கிடந்தார். கோணேசரைக் கும்பிடப் போகும் நாங்கள் அந்தக் கோட்டை வாசலால்தான் நுழைகிறோம். மான்களைப் பார்க்கலாம்; வீடு இராணுவத்தின் பொறுப்பில். துறைமுகப் பட்டினத்தின் மாளிகைகள் பதவிக்குச் சொந்தமானவை. ஒரு கொடியிலிருந்து இன்னொரு கொடிக்கு மாறுமே தவிர வாடகைக்கு வராது.

தெற்கே போனால் கிடைக்கும். சிங்களப் பிரபுக்களின் 'வலவ்வ'க்கள் பல இன்று விருந்தினர் இல்லங்கள். 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய நிலத்தை ஐம்பது ஏக்கரோடு நிறுத்தியது. வயல் என்றால் இருபத்தைந்து. அடுத்த ஆண்டே வீடுகளுக்கும் உச்சவரம்பு வந்தது. வலவ்வயின் ஓடு மாற்றியதும் சுவருக்குச் சுண்ணாம்பு பூசியதும் அந்த வயல்களின் விளைச்சல். வயல் போனபின் வீடு தன்னைத்தானே காப்பாற்ற வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் 1965இல் தொடங்கிய லேண்ட்மார்க் டிரஸ்ட், இடிந்து விழ இருந்த பழைய கட்டடங்களைத் திருத்தி விடுமுறைக்கு வாடகைக்கு விட்டு, அந்த வாடகையில் அவற்றைப் பராமரித்து வருகிறது. விருந்தினரின் காசில் கூரை நிற்கும் ஏற்பாடு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

'வலவ்வ' என்ற சொல் நம்முடைய 'வளவு'தான் என்பார்கள். ஒரே சொல் மூன்று ஊரில் மூன்று அளவில் நிற்கிறது. தெற்கே அது மாளிகை. செட்டிநாட்டில் முகப்பைத் தாண்டினால் வரும் நடுமுற்றக் கட்டு வளவு. எங்களுக்கு வளவு என்றால் வேலி, அதற்குள் நிலம், கிணறு, வேம்பு, தென்னை. வீடு அதில் ஒரு மூலை.

கிழக்கில் பெரிய ஒற்றை வீடு ஏன் அருமை என்பதற்கும் இந்த வளவிலேயே பதில் இருக்கிறதென்று நினைக்கிறேன். இங்கே வீடு பெண்ணுக்குப் போகும் சீதனம். தமிழர், முஸ்லிம்கள் இரு பகுதியாரிடமும் உள்ள வழக்கம். மகள் பிறந்தால் தகப்பன் கல் சேர்க்கத் தொடங்குவார். நாலு மகள்மார் என்றால் நாலு வீடு. உழைப்பெல்லாம் ஒரு கூரையை உயர்த்தப் போகாமல், ஒரே வளவுக்குள் இன்னொரு கூரை போடப் போகும். எங்கள் பக்கத்துப் பெரிய வீடு இப்படித்தான் பக்கவாட்டில் வளர்ந்தது.

இதெல்லாம் பிறகு வந்த ஞானம். அதற்கு முன் ஒருமுறை பிழை விட்டேன். நிலாவெளிக் கடற்கரைக்குக் கிட்ட "பழைய பாணி மாளிகை, 20 பேர் படுக்கலாம்" என்று ஒரு விளம்பரம். அக்காவின் படத்தில் இருந்த அதே தூண்கள். முற்பணம் கட்டிவிட்டுத்தான் போய்ப் பார்த்தேன். தூணைத் தட்டினால் வெற்றுக் குழாய்ச் சத்தம்; பூச்சுக் காய்ந்து ஒரு வருஷம்கூட இருக்காது. படுக்கக் கணக்குச் சரி. மலசலகூடம் இரண்டு. பத்தொன்பது பேர், ஆளுக்குப் பத்து நிமிடம் என்றாலும் காலையில் கடைசி ஆளின் முறை முடிய ஒன்றரை மணித்தியாலம் தாண்டும். தண்ணீர் பவுசரில் வரும், காசு வேறு. பெரியம்மாவுக்கு ஆறு படி, பிடித்து ஏறக் கைப்பிடி இல்லை. முற்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது.

பழைய வீடு தேடுகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒரு வார்த்தை. ஓட்டையும் தூணையும் கடைசியில் பாருங்கள். முதலில் குசினியில் எத்தனை பேருக்குச் சமைக்கச் சட்டி இருக்கிறது, சமைக்க ஆள் உண்டா, மின்சாரம் நின்றால் என்ன வழி, நுளம்பு வலை எத்தனை என்று எண்ணுங்கள். அரசாங்கத் திணைக்களங்களின் சேர்கிட் பங்களாக்களில் ஒரு நல்ல ஒழுங்கு உண்டு. அரிசி, பருப்பு, தேங்காய் முதற்கொண்டு நாம் கொண்டுபோக, அங்கிருக்கும் காவலாளியே சமைத்துத் தருவார். எத்தனை பேர், எத்தனை நாள் என்பது முன்கூட்டியே தாளில் இருக்கும். பேச்சுக்கு இடமில்லை.

கடைசியில் அமைந்தது புல்மோட்டை வீதியிலிருந்து உள்ளே போகும் மணல் ஒழுங்கையில் ஒரு வளவு. மூன்று சின்ன வீடுகள், நடுவில் ஒரு கிணறு. தாயின் வீடு மூத்த மகளுக்கு; மற்ற இரண்டும் தங்கச்சிமாருக்குக் கட்டியவை. தங்கச்சிமார் வெளிநாட்டில். மூத்த அக்கா பின்னால் ஒரு பத்தியில் இருந்துகொண்டு மூன்றையும் வாடகைக்கு விடுகிறார். பத்தொன்பது பேர் என்றதும் அவர் கட்டிலை எண்ணவில்லை.

"எத்தனை பேர் படுப்பீங்கள் எண்டதை விடுங்கோ தம்பி. எத்தனை பேர் குளிப்பீங்கள்? அதுவும் எத்தனை தரம்?"

கடலில் குளித்துவிட்டு வந்து நல்ல தண்ணீரில் குளிப்பது வேறு, காலையில் குளிப்பது வேறு. பத்தொன்பது இரண்டால் பெருகும். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கச் சொன்னார். மேலிருந்து நாலாவது வளையத்தில் நீலப் பெயின்ற் கோடு. தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் மோட்டார் நிற்க வேண்டும், அதன்பின் வாளிதான்.

கரையோரக் கிணற்றில் நல்ல தண்ணீர் தனியாக நிற்பதில்லை. மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. மேலே நல்ல நீர் ஓரடி குறைந்தால், அடியிலுள்ள உப்பு நாற்பதடி வரை மேலேற இடம் கிடைக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் பழைய கணக்கு. மோட்டார் ஒரே மூச்சில் உறிஞ்சும்போது அந்த உப்பு கூம்பாக எழுந்து கிணற்றுக்குள் வரும். வாளி மெதுவாக அள்ளுவதால் படை குலையாது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போனபின், கரையோரக் கிணறுகளைத் துப்புரவாக்கவென்று விடாமல் இறைத்த சில இடங்களில் உப்பு குறையாமல் கூடியதும் இதனால்தான். "அந்த முறை நாங்களும் இறைச்சம். பிறகு எத்தனையோ மாரி பெய்ஞ்சுதான் வாய்க்கு வந்தது" என்றார் அக்கா.

வந்திறங்கிய அண்ணாவின் முகம் முதல் நாள் சுருங்கித்தான் இருந்தது. ஒரே கூரை கேட்டவருக்கு மூன்று கூரை. இரண்டாம் நாள் காலை ஐந்தரைக்கு அவர் கிணற்றடியில் நின்றார். மச்சான் பல்லுத் தீட்டுகிறார், மருமகள் பிள்ளையின் துணி அலசுகிறா, பெரியம்மா கதிரையைக் கிணற்றுக் கட்டோடு இழுத்துப் போட்டுக்கொண்டு யார் யார் இரவு எத்தனை மணிக்குப் படுத்தார்கள் என்று விசாரிக்கிறா. நடு வீட்டுக் குசினியில் புட்டு அவிகிறது. கரைவலையில் வந்த கீரிமீன் சட்டியில். மூன்று வீட்டாரும் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சந்திக்கிற இடம் அதுதான். அவர் கேட்டது அங்கே இருந்தது, கூரை மட்டும் இல்லாமல்.

மூன்றாம் நாள் பெரியம்மா தவிர எல்லாரும் வள்ளமேறிப் புறாமலைக்குப் போனார்கள். 2003இலிருந்து அது தேசியப் பூங்கா. வனவிலங்குத் திணைக்களத்தின் சீட்டு எடுத்துத்தான் இறங்கலாம். மாடப்புறாவையும் முருகைக்கல்லையும் பார்த்துவிட்டு மாலையில் திரும்பினால், கிணற்றில் தண்ணீர் நீலக் கோட்டுக்கு மேல் ஒரு சாண் ஏறி நிற்கிறது. ஒரு பகல் விட்டதற்கே அவ்வளவு.

அடுத்த நாள் அண்ணா என்னிடம் சொல்லாமல் ஓட்டோ பிடித்துத் திருகோணமலைக்குப் போனார். கையில் ஒரு புதுக் கப்பியும் நாற்பதடிக் கயிறும். பழைய கப்பி ஒவ்வொரு வாளிக்கும் கிறீச்சிடும். கயிறு நடுவில் நைந்து இரண்டு முடிச்சு. ஏணி வைத்து அவரே மாட்டினார். 'பெர்சுவேஷன்' அவர் படித்ததில்லை.

புறப்படுகிற அன்று கணக்கு முடித்துத் திறப்புகளைக் கொடுக்கும்போது அக்கா கிணற்றடியைப் பார்த்து, "இப்ப சத்தமே இல்ல. ஆர் விடிய எழும்பினது எண்டு இனி எனக்குத் தெரியப்போறதில்ல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அண்ணா பழைய கப்பியைத் தேடி எடுத்து, மணலைத் தட்டி, அவர் கையில் கொடுத்தார்.

(அடுத்த வாரம்: மலையகத்தில் துரை பங்களாவில் ஓரிரவு, யன்னலைத் திறந்தால் தெரியும் லயங்கள்.)