அடிக்கடி நின்றுபோகும் கீசர்: செலவழிக்கும் முன் காரணத்தைக் கண்டறிவோம்

உடும்பஞ்சோலை வட்டத்தின் ஊர்கள் பலவும் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் அமைந்தவை. நெடுங்கண்டம், சாந்தன்பாறை, பூப்பாறை, ராஜகுமாரி ஆகிய பகுதிகளில் ஆனி, ஆடி மாதங்களின் மழையிலும் மார்கழி, தை மாதங்களின் பனியிலும் வெந்நீர் ஆடம்பரமன்று. முன்பு முற்றத்து விறகடுப்பில் அண்டாவை ஏற்றிய வீடுகளில் இன்று குளியலறைச் சுவரில் கீசர் தொங்குகிறது. முதியவர்களின் அறையில் ரூம் ஹீட்டரும் இடம்பெற்றுவிட்டது. இவை குறித்து வாடிக்கையாளர்கள் கூறும் குறை பெரும்பாலும் ஒன்றே: "போட்ட சிறிது நேரத்தில் கரண்ட் போய்விடுகிறது." உடனே புதிய கீசர், ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர் என ஒவ்வொன்றாக வாங்கச் சேமிப்பை எடுக்கின்றனர், சிலர் தனிநபர் கடனும் கேட்கின்றனர். குறை எங்கே உள்ளது என்பதை முதலில் அறிந்தால் பல வேளைகளில் அச்செலவே தேவைப்படாது.

வணிகவியல் படித்தவருக்கு மின்னியலில் என்ன வேலை என்று கேட்கலாம். வாட், ஆம்பியர், யூனிட் யாவும் இறுதியில் கணக்கே. 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். உடனடி வெந்நீர் தரும் 3000 வாட் சாதனமாயின் 13 ஆம்பியர். இந்த இரு எண்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு வருவன எளிதில் விளங்கும்.

முதலில் கவனிக்க வேண்டியது, நின்றுபோவது எது என்பதே. வீடு முழுவதும் இருளாகிறதா, கீசர் மட்டும் அணைகிறதா, அல்லது கீசரின் விளக்கு எரிந்தும் நீர் சூடேறவில்லையா? மெயின் போர்டில் விழுந்திருப்பது எந்த சுவிட்ச்? போட்ட கணத்திலேயே விழுந்ததா, பத்து நிமிடம் கழித்தா, மழை நாளில் மட்டுமா? இவ்விவரங்களை ஒரு வாரம் தாளில் குறித்து வைத்திருந்து வயர்மேனிடம் கொடுத்தால் அவருடைய வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

போர்டில் இருவகைக் காவலர்கள் உண்டு. எம்சிபி என்பது கம்பி தாங்கும் அளவுக்கு மேல் மின்னோட்டம் சென்றால் விழுவது. ஆர்சிசிபி என்பது சென்ற மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமாக இல்லாதபோது, அதாவது எங்கோ கசிவு ஏற்பட்டு மின்சாரம் நிலத்துக்கோ மனித உடலுக்கோ பாயும்போது விழுவது. இதையே பலர் இஎல்சிபி என்ற பழைய பெயரால் அழைக்கின்றனர். அதன் முகப்பில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். முன்னது கம்பியைக் காக்கிறது. பின்னது உயிரைக் காக்கிறது. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

எம்சிபி போட்ட உடனே விழுந்தால் எங்கோ ஷார்ட் ஏற்பட்டுள்ளது என்று பொருள். சில நிமிடங்கள் கழித்து விழுந்தால் சுமை மிகுதி. கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி மூன்றும் காலையில் ஒரே இணைப்பில் ஓடினால் மொத்தம் 20 ஆம்பியரைத் தாண்டும். 6 ஆம்பியர் சாக்கெட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகி அதில் ரூம் ஹீட்டரை ஓட்டுவது இப்பகுதியில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் தவறு. பிளக்கின் பின் கறுத்திருந்தாலோ, சாக்கெட் சூடாகிக் கருகிய வாடை வீசினாலோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. கீசருக்கு 16 ஆம்பியர் சாக்கெட்டும், போர்டிலிருந்து தனிக் கம்பியும், தனி எம்சிபியும் தேவை. விழுகிறது என்பதற்காகக் கம்பியை மாற்றாமல் பெரிய எம்சிபியைப் பொருத்துவது சுவருக்குள் தீயை வளர்ப்பதற்கு ஒப்பாகும்.

ஆர்சிசிபி விழுமாயின் கீசரின் பிளக்கை முழுவதுமாக வெளியே எடுத்துவிட்டு மீண்டும் ஏற்றிப் பார்க்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சாதாரண சுவிட்ச் ஃபேஸ் கம்பியை மட்டுமே துண்டிக்கிறது. நியூட்ரல் வழியே கசிவு இருப்பின் அணைத்த கீசரும் ஆர்சிசிபியை விழச் செய்யும். "கீசரைப் போடவே இல்லை, அப்படியும் விழுகிறது" என்று கூறுவோரின் வீட்டில் பல வேளைகளில் இதுவே காரணம். பிளக்கை எடுத்தபின் ஆர்சிசிபி நிலைத்து நின்றால் குறை கீசரில்தான் உள்ளது. உள்ளே இருக்கும் காயிலின் உறை விரிசல் கண்டு ஈரம் புகுந்திருக்கக்கூடும். காயிலை மாற்றினால் போதும். கீசரையே மாற்ற வேண்டியதில்லை. பிளக்கை எடுத்தும் விழுந்தால் வயரிங்கைப் பார்க்க வேண்டும். மழைக்காலம் நெடுக ஈரம் ஊறிய சுவர்களில், குறிப்பாகப் பழைய லயங்களிலும் மண்சுவர் வீடுகளிலும், குழாயினுள் நீர் இறங்கியிருப்பது அரிதன்று.

இங்கே ஒரு வார்த்தையை அழுத்தமாகக் கூற வேண்டியுள்ளது. தொல்லை தாங்காமல் ஆர்சிசிபியைத் தவிர்த்து நேரடியாக இணைக்கச் சொல்வோர் உண்டு. கேட்டபடி இணைத்துக் கொடுக்கும் வயர்மேன்களும் உண்டு. வீடுகளில் பொருத்தப்படுவது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும் வகை. அதற்கு மேற்பட்ட மின்னோட்டம் நனைந்த உடலின் வழியே சில விநாடிகள் பாய்ந்தால் இதயம் நின்றுவிடக்கூடும். கசிவுள்ள கீசர், எர்த் இல்லாத சாக்கெட், நீக்கப்பட்ட ஆர்சிசிபி ஆகிய மூன்றும் சேர்ந்த குளியலறையில் குழாயைத் தொடுபவர் வீட்டின் எந்த உறுப்பினராகவும் இருக்கலாம். வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடலாகாது.

எந்த சுவிட்சும் விழாமல் கீசர் மட்டும் அணைந்து நீர் குளிர்ந்தே இருந்தால், மிகைவெப்பத்தைத் தடுக்கும் உட்பாதுகாப்பு துண்டித்திருக்கலாம். தெர்மோஸ்டாட் பழுதடைந்தாலும், காயிலின் மேல் உப்புப் படிந்தாலும் இவ்வாறு நேரும். மலை ஊற்று நீரைவிடக் குழாய்க்கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் படிவு விரைவில் சேரும். மூடியைத் திறக்கும் வேலையைப் பயிற்சி உள்ளவரிடம் விடுவதே முறை.

மலைப்பகுதிக்கே உரிய குறை மற்றொன்று: குறைந்த மின்னழுத்தம். இடுக்கி அணையின் நீரால் மூலமற்றம் நிலையத்தில் 780 மெகாவாட் திறனுக்கு மின்சாரம் உற்பத்தியாகும் மாவட்டத்தில் மாலையில் விளக்கு மங்குவது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் அம்மின்சாரம் உயர் அழுத்தக் கம்பிகளில் மாநிலம் முழுவதற்கும் செல்கிறது. நம் வீட்டுக்கு வருவதோ டிரான்ஸ்பார்மரிலிருந்து ஏலத்தோட்டங்களின் நிழல்மரங்களுக்கு இடையே நெடுந்தூரம் நீளும் மெல்லிய கம்பியில். தூரம் கூடக்கூட அழுத்தம் குறையும்.

அதன் விளைவைக் கணக்கிடலாம். 15 டிகிரியில் உள்ள 15 லிட்டர் நீரை 55 டிகிரிக்கு உயர்த்த 2000 வாட் கீசருக்கு 21 நிமிடங்கள் போதும். அழுத்தம் 180 வோல்ட்டாக இறங்கினால் அதே கீசரின் திறன் சுமார் 1225 வாட்டாகச் சரிந்து 34 நிமிடங்கள் ஆகும். அழுத்தம் குறைந்தால் கட்டணமும் குறையும் என்று எண்ண வேண்டாம். நீருக்குத் தேவையான வெப்பம் அதேதான். நேரம் மட்டும் நீள்கிறது.

சாக்கெட்டில் செருகும் சிறிய வோல்ட்மானி ஒன்று இதற்குப் போதுமானது. கீசரைப் போடுவதற்கு முன்பும் பின்பும் அளவைப் பாருங்கள். முன்பே 180 என்றிருந்து அண்டை வீடுகளிலும் அதே நிலையாயின் குறை வெளிக்கம்பியில் உள்ளது. முன்பு 225 இருந்து, போட்டவுடன் 190க்கு விழுந்தால் உங்கள் வயரிங்கிலோ மின்கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் கம்பியிலோ தளர்வு உள்ளது. மும்முனை இணைப்புள்ள வீட்டில் சில விளக்குகள் மங்கி, வேறு சில அளவுக்கு மீறிப் பிரகாசித்தால் நியூட்ரல் அறுந்திருக்கலாம். உடனே மெயினை அணைத்து லைன்மேனை அழைக்க வேண்டும்.

மின் வழங்கல் விதிகளின்படி வீட்டு இணைப்பில் அழுத்தம் 6 விழுக்காட்டுக்கு மேல் மாறக்கூடாது. 230 வோல்ட்டுக்கு இது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. நாளும் நேரமும் குறித்த அளவுகளுடன் கேரள மின் வாரியத்தின் செக்‌ஷன் அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் அளித்து ரசீது பெறுங்கள். 1912 என்ற எண்ணிலும் பதிவு செய்யலாம். தீர்வு கிடைக்காவிடில் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி அமைந்த நுகர்வோர் குறைதீர் மன்றத்தையும், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளரையும் அணுக வழியுண்டு. பக்கத்து வீட்டாரும் சேர்ந்து கையொப்பமிட்ட மனுவுக்கு வலிமை அதிகம். ஒவ்வொருவரும் ஸ்டெபிலைசர் வாங்குவதால் பயனில்லை; அது கம்பியிலிருந்து கூடுதல் மின்னோட்டத்தை இழுத்தே அழுத்தத்தை உயர்த்துகிறது. கடைசி வீட்டின் நிலை மேலும் மோசமாகும்.

இன்வெர்ட்டர் வாங்க எண்ணுவோருக்கும் ஒரு கணக்கு. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் அடங்குவது ஏட்டளவில் 1800 வாட்-மணி. 2000 வாட் கீசரை அது ஒரு மணி நேரம்கூடத் தாங்காது; வழக்கமான வீட்டு இன்வெர்ட்டரோ அந்தச் சுமையை ஏற்கவே ஏற்காது. கூரைச் சூரிய மின்சாரத்துக்கு 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரியவீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. ஆயினும் பேட்டரி இல்லாத இவ்வகை அமைப்பு, வெளிமின்சாரம் நிற்கும்போது லைன்மேன்களின் பாதுகாப்புக்காகத் தானும் நின்றுவிடும். கட்டணத்தைக் குறைக்க அது நல்ல முதலீடு, மின்தடைக்கு மருந்தன்று. கடன் விண்ணப்பத்தில் கையொப்பமிடும் முன் இதைத் தெரிந்துகொள்வது நலம்.

இறுதியாக, ஐப்பசி மாலைகளின் இடிமழையில் கீசரின் பிளக்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் கிருஹ ரக்‌ஷா வீட்டுக் காப்பீட்டில் தீவிபத்துக்கும் மின்னலுக்கும் ஈடு உண்டு. எனினும் ஷார்ட் சர்க்யூட்டாலோ மின்கசிவாலோ பழுதான அந்தச் சாதனத்துக்கு, மின்னலே காரணமாயினும், ஈடு கிடையாது. அதிலிருந்து தீ பரவிப் பிற பொருள்கள் சேதமடைந்தால் அவற்றுக்கு மட்டுமே கோர முடியும். கீசர் வாங்கிய ரசீதையும் வயரிங் வேலைக்குப் பெற்ற பில்லையும் பாலிசியுடன் சேர்த்து வையுங்கள்.