பயம் போன பின் மிஞ்சும் மரியாதை

ஆசிரியர் உள்ளே நுழைந்ததும் நாற்பது பிள்ளைகள் சட்டென்று எழுந்து நின்று ‘வணக்கம் ஐயா’ என்று ராகம் போட்டு இழுக்கிறார்கள். உட்காரச் சொன்னால் கைகட்டி உட்காருகிறார்கள். மரியாதை தெரிந்த பிள்ளைகள் என்று மெச்சுகிறோம். அதே பிள்ளைகள் மதியம் தட்டை நீட்டும்போது சத்துணவு ஆயாவிடம் எப்படிப் பேசுகிறார்கள், கழிவறை கழுவ வரும் அம்மாவை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று யாரும் கவனிப்பதில்லை. தண்டிக்கும் அதிகாரம் இல்லாத ஒருவரிடம் நடந்துகொள்ளும் விதத்தில்தான் பிள்ளை கற்ற மரியாதை தெரியும். வகுப்பறையில் நாம் பார்த்து மகிழ்வதில் பெரும்பங்கு பயம்தான்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1930களின் இறுதியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் குர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் ஒயிட் மூவரும் பத்து வயதுச் சிறுவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்துக் கைவேலை செய்ய வைத்தார்கள். சில குழுக்களில் தலைவர் வைத்ததுதான் சட்டம். சிலவற்றில் எதை, எப்படிச் செய்வது என்று சிறுவர்களோடு பேசி முடிவெடுத்தார். மூன்றாவது வகையில் ‘உங்கள் இஷ்டம்’ என்று விட்டுவிட்டார். அதிகாரம் செய்த தலைவர் கூடவே இருந்தவரை வேலை மும்முரமாக நடந்தது. கண்டிப்பின் பக்கம் நிற்பவர்களுக்கு இது சாதகம்தான். ஆனால் அவர் அறையைவிட்டு வெளியே போனதும் சிறுவர்கள் வேலை செய்த நேரம் பாதிக்கும் கீழே சரிந்தது. கலந்து பேசிய தலைவரின் குழுவிலோ அவர் போன பிறகும் வேலை ஏறக்குறைய அப்படியே நடந்தது. இன்னொன்றும் கவனிக்கப்பட்டது: அதிகாரத்துக்கு அடங்கிய சிறுவர்கள், தலைவரிடம் காட்ட முடியாத எரிச்சலைத் தங்களுக்குள் ஒருவன்மீது திருப்பினார்கள். மேலே பணிவு, கீழே ஏறி மிதிப்பு. நம் ஊர் வகுப்பறைகளை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே கோலிக்குண்டு விளையாடும் சிறுவர்களைக் கூர்ந்து பார்த்து, 1932இல் குழந்தைகளின் நீதியுணர்வு பற்றி ஒரு நூல் எழுதினார். ஆட்டத்தின் விதிகள் பெரியவர்கள் தந்தவை, அவற்றை மாற்றவே கூடாது என்று அடித்துச் சொன்ன சின்னப் பிள்ளைகள், ஆடும்போது அவற்றைச் சட்டை செய்யவில்லை. விதி என்பது நாமே பேசி ஒத்துக்கொண்டது என்று உணர்ந்த பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகள்தான் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். ஒருபக்க மரியாதையிலிருந்து பரஸ்பர மரியாதைக்கு நகரும் இந்த வளர்ச்சி, தொடக்கப்பள்ளி ஆண்டுகளில்தான் நடக்கிறது. அந்தச் சமயத்தில் ‘எதிர்த்துப் பேசாதே’ என்பதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளை முதல் படியிலேயே நின்றுவிடும்.

‘கணக்கு வராட்டி மாடு மேய்க்கத்தான் லாயக்கு’ என்று ஒரு பிள்ளையைத் திட்டும்போது என்ன நடக்கிறது? திட்டு வாங்கிய பிள்ளை குறுகுகிறது. மாடு மேய்க்கும் அப்பாவைக் கொண்ட இன்னொரு பிள்ளை, தன் வீட்டுத் தொழில் கேவலம் என்று கற்கிறது. மற்றவர்கள் யாரை இளக்காரமாகப் பார்க்கலாம் என்று தெரிந்துகொள்கிறார்கள். ஒரே வாக்கியத்தில் மூன்று பாடம். வீட்டிலும் இதே கதைதான். அறுபது வயது வேலைக்கார அம்மாவை அப்பா ‘வா, போ’ என்று பேசினால் ஆறு வயதுப் பிள்ளையும் அப்படியே பேசும். பெரியவர்களுக்கு மரியாதை கொடு என்று எத்தனை முறை சொன்னாலும், அந்தப் பெரியவர்களில் அந்த அம்மா சேரமாட்டார் என்பதை அது கண்ணால் கண்டுவிட்டது. சாதி நுழையும் வாசலும் பெரும்பாலும் இதுதான்.

‘நாங்கள் அடி வாங்கித்தானே உருப்பட்டோம்’ என்பார்கள். உருப்பட்டவர்கள் சொல்வது நம் காதில் விழுகிறது. அடிக்குப் பயந்து பள்ளியைவிட்டு நின்றவர்கள் இந்த விவாதத்துக்கு வருவதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது. பிரம்பு குறைந்தாலும் நாக்கு இன்னும் அடங்கவில்லை என்பது வேறு விஷயம். அப்படியானால் பிள்ளைகளை அவிழ்த்துவிட வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. அயோவா ஆய்விலேயே பதில் இருக்கிறது: இஷ்டத்துக்கு விடப்பட்ட குழுவின் வேலை குறைவாகவும் தரக்குறைவாகவும் இருந்தது. கண்டிப்பு வேண்டும், அவமானம்தான் வேண்டாம். அடுத்தவன் பென்சிலைப் பிடுங்கியவன் அதைத் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும், ஆனால் அவனைத் ‘திருடன்’ என்று வகுப்பு முன்னால் நிறுத்த வேண்டியதில்லை. நாற்பது பேரை ஒற்றை ஆளாகச் சமாளிக்கும் ஆசிரியருக்கு இது கடினம், மறுக்கவில்லை. ஆனாலும் ஜூன் மாதத்தில் வகுப்பு விதிகள் நான்கைந்தைப் பிள்ளைகளையே சொல்லவைத்துச் சுவரில் ஒட்ட ஒரு பாடவேளை போதும்.

ஆசிரியருக்கும் மரியாதை கிடைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். பார்வையிட வரும் அதிகாரி பிள்ளைகள் முன்னிலையிலேயே ஆசிரியரை அதட்டுவதும், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தியைப் படித்துவிட்டு ‘உங்க டீச்சருக்கு ஒண்ணும் தெரியாது’ என்று சாப்பாட்டு வேளையில் அம்மா சொல்வதும், ஆசிரியரை மதிக்க வேண்டியதில்லை என்றே பிள்ளைக்குக் கற்றுத்தருகின்றன. குறை இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் நேரில் கேட்கலாம். அதே கல்வி உரிமைச் சட்டம் அரசுப் பள்ளிகளில் அந்தக் குழுவின் முக்கால் பங்கு இடத்தைப் பெற்றோருக்குத்தான் ஒதுக்கியிருக்கிறது.