பல்கலைக்கழகத்தைத் தேடும் மாணவர்க்கு இணையம் காட்டும் வழி

முன்னாளில் கடல் கடந்த பல்கலைக்கழகமொன்றைப் பற்றி அறிய விரும்பிய இலங்கை மாணவன், அதன் பதிவாளருக்குக் கடிதம் எழுதிவிட்டுக் கப்பல் தபாலை எதிர்பார்த்து வாரக்கணக்காகக் காத்திருந்தான். வந்து சேர்ந்த சிறு கையேடே அவனுக்குக் கிட்டிய முழுச் செய்தியுமாகும். இன்று சர்வதேசப் பாடசாலையொன்றிற் பயிலும் மாணவி இராப்போசனத்தின் பின் கணினியின் முன் அமர்ந்தாளாயின், உறங்கச் செல்லுமுன் மூன்று கண்டங்களின் பல்கலைக்கழகங்களைப் பார்த்து முடித்துவிடுகிறாள். அன்று செய்திப் பஞ்சம். இன்று செய்தி வெள்ளம். பஞ்சமாயினும் வெள்ளமாயினும் பயிர் அழிவது ஒன்றே. ஆகலின், வெள்ளத்தின் நடுவே நின்று நல்ல நீரை அள்ளும் வகை யாதென ஆராய்தல் பயனுடைத்து.

கொழும்பு முதலிய நகரங்களிலுள்ள சர்வதேசப் பாடசாலைகள் பெரும்பாலும் கேம்பிரிட்ஜ், எடெக்செல் ஆகிய வெளிநாட்டுப் பரீட்சைகளுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்கின்றன. நமது அரசாங்கப் பல்கலைக்கழகங்களோ உள்நாட்டு உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியைக் கொண்டே பெரும்பாலாரைச் சேர்த்துக்கொள்கின்றன. எனவே சர்வதேசப் பாடசாலை மாணவருட் பலர் பிறநாட்டை நோக்க வேண்டியவராகின்றனர். அவ்வாறு செல்வோரின் பின்னால் தந்தையின் சேமலாப நிதியும், தாயின் நகையும், சில குடும்பங்களில் ஈடு வைக்கப்பட்ட காணியும் நிற்கின்றன. தவறான தெரிவு பிள்ளையின் மூன்று ஆண்டுகளையும் பெற்றோரின் முப்பது ஆண்டு உழைப்பையும் ஒருங்கே கொண்டுபோய்விடும்.

இணையத்திற் காணப்படும் கல்விச் செய்திகள் மூவகைப்படும். அரசாங்கங்களும் பொது அமைப்புகளும் வெளியிடும் பதிவேடுகள் ஒருவகை. பல்கலைக்கழகங்கள் தம்மைப் பற்றித் தாமே கூறுவன மற்றொரு வகை. வணிக நிறுவனங்களும் முகவர்களும் நடத்தும் தளங்கள் மூன்றாவது வகை. எந்தத் தளத்தைத் திறந்தாலும் மாணவன் முதலிற் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: இதனை நடத்துவதற்குப் பணம் கொடுப்பவர் யார்? மாணவரிடம் கட்டணம் பெறாத முகவர் பலர், சேர்த்துவிடும் ஒவ்வொரு மாணவருக்கும் பல்கலைக்கழகத்திடம் தரகுப் பணம் பெறுகின்றனர். அவருட் கண்ணியமானோர் பலர் உளர். எனினும் தரகு தராத நல்ல பல்கலைக்கழகத்தின் பெயர் அவர் வாயிலிருந்து எளிதில் வாராது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

ஐக்கிய இராச்சியத்தை நாடுவோர் முதலில் அறியவேண்டியது யூகாஸ் என்னும் அமைப்பாகும். 1993ஆம் ஆண்டில் முந்திய அனுமதி அமைப்புகள் ஒன்றிணைந்ததால் தோன்றிய இது, இளமாணிப் பட்டத்துக்கான விண்ணப்பங்களை ஒரே வாயிலில் ஏற்கின்றது. ஒருவர் ஓராண்டில் 5 கற்கைநெறிகளுக்கு மட்டுமே விண்ணப்பிக்கலாம். மருத்துவமாயின் 4க்கு மேற்படலாகாது. ஒக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் பொதுவாக ஒரே ஆண்டில் விண்ணப்பித்தல் இயலாது. அவ்விரண்டிற்கும் மருத்துவக் கற்கைநெறிகள் பெரும்பாலானவற்றுக்கும் இறுதி நாள் அக்டோபர் 15 ஆகும். ஏனைய பலவற்றுக்கு அது ஜனவரி மாதத்தில் வரும். 2026ஆம் ஆண்டு நுழைவிலிருந்து, மாணவர் தம்மைப் பற்றி எழுதும் கூற்று மூன்று வினாக்களுக்கான விடையாக அமைதல் வேண்டுமென விதி மாறியுள்ளது. பழைய மாதிரிக் கட்டுரைகளைத் தேடிப் பிடித்துப் பின்பற்றுவோர் இதனைக் கவனித்தல் நலம். இனி, ஒரு கற்கைநெறியின் தன்மையை அறிய, 2019இல் தொடங்கப்பெற்ற டிஸ்கவர் யூனி என்னும் தளம் உதவும். இறுதியாண்டு மாணவர் அக்கற்கைநெறியைப் பற்றிக் கூறிய கருத்தும், இடையில் விலகியோர் தொகையும், பட்டம் பெற்றோர் அடைந்த தொழிலும் அங்கு எண்களாகக் கிடைக்கும்.

ஐக்கிய அமெரிக்காவின் முறை வேறு. 1975இல் 15 கல்லூரிகள் கூடி உருவாக்கிய கொமன் அப்ளிகேஷன் என்னும் பொது விண்ணப்பத்தை இன்று 1000க்கு மேற்பட்ட நிறுவனங்கள் ஏற்கின்றன. அதன் வழியே 20 கல்லூரிகள் வரை விண்ணப்பிக்கலாம். அங்கே பெருந்தடை கட்டணமாகும். அமெரிக்கக் கல்வித் திணைக்களம் நடத்தும் கொலெஜ் ஸ்கோர்கார்ட் என்னும் தளம், கல்லூரி தோறும் செலவையும் பட்டதாரிகளின் வருமானத்தையும் எடுத்துக் காட்டுகின்றது. ஆயினும் அவ்வருமானக் கணக்கு அந்நாட்டு அரசாங்கத்தின் நிதியுதவி பெற்ற மாணவரை மட்டுமே கொண்டு எழுந்தது. வெளிநாட்டு மாணவர் அக்கணக்கில் இல்லை. எனவே அவ்வெண்ணைத் தமது எதிர்கால ஊதியமென நம்பி இலங்கை மாணவர் கடன் படுதல் தகாது. அதனினும் பயனுள்ளது பலரும் அறியாத வேறோர் ஆவணம். ‘கொமன் டேட்டா செட்’ என்னும் பெயரில் பல கல்லூரிகள் ஆண்டு தோறும் ஒரே ஒழுங்கில் தம் புள்ளிவிபரங்களை வெளியிடுகின்றன. அதில் நிதியுதவி பற்றிய பகுதியில், வெளிநாட்டு மாணவர் எத்தனை பேருக்கு உதவி கிடைத்தது, சராசரித் தொகை எவ்வளவு என்பன தனியே குறிக்கப்படுகின்றன. அழகிய படங்கள் நிறைந்த நூறு பக்கங்கள் சொல்லாத உண்மையை அந்த ஒரு வரி சொல்லிவிடும். இவற்றை விளங்கிக்கொள்ள இயலாதோர்க்குக் கொழும்பிலுள்ள ஃபுல்பிரைட் ஆணைக்குழுவின் வாயிலாக எடியூகேஷன் யூஎஸ்ஏ என்னும் அரசாங்க ஆலோசனைச் சேவையும் உண்டு.

அவுஸ்திரேலியாவில் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு கற்கைநெறியும் கிரிகோஸ் என்னும் அரசாங்கப் பதிவேட்டில் இடம்பெற்றிருத்தல் வேண்டும். பதிவு இலக்கம் காட்டாத கல்லூரிக்குப் பணம் அனுப்புதல் முகவரியில்லாத கடிதத்தைத் தபாலிற் சேர்ப்பது போலாகும். ஜேர்மனிக்குச் செல்ல எண்ணுவோர் 1925இல் தோன்றிய ஜேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையின் தளத்தில், ஆங்கிலத்திற் கற்பிக்கப்படும் கற்கைநெறிகளைத் தெரிந்து எடுக்கலாம். அந்நாட்டின் அரச பல்கலைக்கழகங்களிற் பெரும்பாலானவை கற்பித்தற் கட்டணம் அறவிடுவதில்லை. ஆயினும் பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலம் 2017ஆம் ஆண்டிலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியேயிருந்து வரும் மாணவரிடம் அரையாண்டுக்கு 1500 யூரோ பெறுகின்றது. ‘ஜேர்மனியில் எல்லாம் இலவசம்’ என்று ஒரே வரியில் உரைக்கும் விளம்பரத்தை இக்காரணத்தால் ஆராயாது ஏற்றல் கூடாது.

தரவரிசைப் பட்டியல்களைப் பற்றியும் ஒரு சொல் கூறல் வேண்டும். பெற்றோர் பலர் அவற்றை ஓட்டப் பந்தய முடிவைப் போலக் கருதுகின்றனர். நியூயோர்க் நகரிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகம் ஓர் அமெரிக்கப் பட்டியலில் 2ஆம் இடத்தில் இருந்தது. 2022 பெப்ரவரியில் அங்குக் கணிதப் பேராசிரியராயிருந்த மைக்கேல் தடேயஸ், தம் பல்கலைக்கழகம் கொடுத்த எண்கள் பல சரியானவை அல்லவெனச் சான்று காட்டி எழுதினார். வகுப்புகளின் அளவு, ஆசிரியரின் தகைமை ஆகியன பற்றிய சில விபரங்கள் பிழையானவையெனப் பல்கலைக்கழகம் பின்னர் ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு செப்ரெம்பரில் வெளியான பட்டியலில் அது 18ஆம் இடத்திற்கு இறங்கியது. அந்த ஏழு மாதங்களில் அங்குள்ள நூலகமோ ஆசிரியரோ மாறிவிடவில்லை. மாறியது காகிதத்திலிருந்த எண்ணேயாகும். உலகப் பட்டியல்கள் பலவற்றில் ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கே பெரும் புள்ளி வழங்கப்படுகின்றது. முதலாண்டு மாணவனுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியரின் திறமையை அவ்வெண் அளப்பதில்லை.

எல்லாவற்றிற்கும் மேலானது அங்கீகாரம் பற்றிய வினாவாகும். கலிபோர்னியாவில் ட்ரை வலி என்னும் பெயருடன் ஒரு நிறுவனம் இயங்கியது. வெளிநாட்டு மாணவரின் விசாவுக்குரிய பத்திரங்களை வழங்கும் அரசாங்க அனுமதி அதற்கு இருந்தது. கல்வித் தரத்தை உறுதிசெய்யும் அங்கீகாரமோ இருந்ததில்லை. 2011 ஜனவரியில் அதிகாரிகள் அதனைச் சோதனையிட்டு மூடியபோது, அங்குப் பதிந்திருந்த மாணவர் பெருந்தொகையினர், அவருட் பெரும்பாலார் இந்தியர், படிப்பும் இன்றி விசாவும் இன்றித் தவித்தனர். அதனை நடத்தியவர் 2014இல் 16 ஆண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்றார். மாணவர் இழந்த பணத்தையும் காலத்தையும் அத்தண்டனை மீட்டுத் தரவில்லை. விசா அனுமதி வேறு, கல்வி அங்கீகாரம் வேறு என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாக்குகின்றது. அமெரிக்கக் கல்வித் திணைக்களம் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை எவரும் பார்க்கத்தக்கதாக வெளியிட்டுள்ளது. பல்கலைக்கழகங்களின் சர்வதேசச் சங்கம் உலக நாடுகள் யாவற்றிற்கும் அத்தகைய ஒரு தரவுத்தளத்தை வைத்திருக்கின்றது. பட்டத்துடன் தாயகம் திரும்ப எண்ணுவோர் நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதனை ஏற்குமா எனவும், மருத்துவம் பயில்வோர் இலங்கை மருத்துவப் பேரவை ஏற்குமா எனவும் புறப்படுமுன்னரே கேட்டறிதல் வேண்டும். திரும்பி வந்த பின் கேட்பது, அறுவடை முடிந்த பின் விதையைச் சோதிப்பதற்கு ஒப்பாகும்.

இனி, இவற்றையெல்லாம் கைக்கொள்ளும் முறை எளியது. மாணவர் ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பியை எடுத்து, ஒவ்வொரு கற்கைநெறிக்கும் ஒவ்வொரு பக்கத்தை ஒதுக்குதல் வேண்டும். அதில் ஐந்து செய்திகள் போதும். நுழைவுக்கு வேண்டிய பாடங்களும் பெறுபேறும், மொத்தச் செலவு, வெளிநாட்டவருக்கு உண்மையிற் கிடைக்கும் உதவி, அங்கீகாரம், விண்ணப்ப இறுதி நாள் என்பனவே அவை. ஒவ்வொரு செய்தியின் அருகிலும் அது எந்தத் தளத்திற் கிடைத்தது, எந்நாளிற் பார்க்கப்பட்டது என எழுதுதல் அவசியம். கட்டணமும் விதியும் ஆண்டு தோறும் மாறுவன. உயர்தர வகுப்பின் முதலாண்டிலேயே இவ்வேலை தொடங்குமாயின், தேவையான பாடம் ஒன்றைக் கைவிட்ட பின் வருந்தும் நிலை நேராது. மொத்தச் செலவை எழுதும் பக்கத்தைப் பெற்றோரும் பிள்ளையும் ஒருங்கே இருந்து நிரப்புதல் சிறந்தது. வீட்டின் உண்மையான நிலையை அறிந்த பிள்ளை, எட்டாத கனியை எண்ணி ஏங்காது எட்டும் கனியைத் தேடிப் பறிக்கக் கற்றுக்கொள்ளும்.

இறுதியாக, அரசாங்கப் பாடசாலை மாணவரும் இச்செய்திகளுக்கு அந்நியரல்லர். மேற்கூறிய பொதுப் பதிவேடுகள் யாவும் கட்டணமின்றித் திறந்துள்ளன. பெருங்கட்டணம் செலுத்திப் பயில்வோர்க்குப் பாடசாலையில் ஓர் ஆலோசகர் இருக்கலாம். கிராமத்து மாணவனுக்கு அப்படி ஒருவர் இல்லாதிருக்கலாம். ஆயினும் அவ்விருவரும் ஒரே பதிவேட்டைத் திறந்து ஒரே எண்ணைக் காணமுடியும். கப்பல் தபாற் காலத்தில் இது கனவிலும் கிட்டாத வாய்ப்பாகும். அதனைப் பொறுமையோடு பயன்படுத்தும் மாணவர், எந்த நாட்டிற் பயின்றாலும், தாம் எதற்காகச் சென்றோம் என்பதை அறிந்தவராகச் செல்வர்.