டிராக்டருக்குக் கையெழுத்துப் போட்ட பிறகு வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

“மூன்று ஏக்கரில் நெல்லும் கரும்பும் வைத்திருக்கிறேன். டிராக்டருக்கு புக்கிங் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, ரூ.25,000 முன்பணம் கட்டிவிட்டேன். இப்போது தவணையைக் கணக்குப் பார்த்தால் பயமாக இருக்கிறது. ரத்து செய்யலாமா?” என்று வளவனூர் பகுதி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

செய்யலாம். ஆனால் எவ்வளவு பணம் திரும்பும் என்பது, நீங்கள் எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ‘ஏழு நாளைக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்’ என்று ஊரில் சொல்வதை நம்ப வேண்டாம். ஷோரூமில் நேரில் வாங்கும் வண்டிக்கு அப்படி ஒரு சட்டம் நம் நாட்டில் இல்லை.

முன்பணம் மட்டும் கட்டியிருந்தால்: உடனே எழுத்து மூலம் ரத்து கேளுங்கள். படிவத்தில் பிடித்தம் பற்றிய விதி இருக்கும், அதைப் படியுங்கள். ஒப்பந்தச் சட்டம் 74வது பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். முழுத் தொகையையும் பிடித்தால், டீலருக்கு என்ன நஷ்டம் என்று கேளுங்கள். இனி புக்கிங் செய்பவர்கள், ‘கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும்’ என்று படிவத்திலேயே எழுதி வாங்குங்கள்.

கடன் பத்திரத்துக்கு முன்: வட்டி, கட்டணங்கள் எல்லாம் அடங்கிய முக்கிய விவர அறிக்கையை உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. 2024 அக்டோபர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. யோசிக்க குறைந்தது 3 வேலை நாள் அவகாசமும் உண்டு. ‘இன்றே கையெழுத்து’ என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

டெலிவரியின்போது: பரிசோதித்துப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. சேசிஸ் எண், தயாரித்த மாதம், எச்.பி. ஆகியவை பேசியபடி இல்லையென்றால் வண்டியை எடுக்காதீர்கள்.

பதிவு எண் வந்த பிறகு: அது பழைய வண்டி விலைக்குத்தான் போகும். ‘வண்டியை விட்டுவிட்டால் கடன் தீர்ந்தது’ என்பதும் தவறு. ஃபைனான்ஸ் நிறுவனம் ஏலம் விட்டு, குறையும் தொகையை உங்களிடமே கேட்கும்.

ஏமாற்றி விற்றிருந்தால் கதை வேறு. பொய் சொல்லி வாங்கிய கையெழுத்து செல்லாது என்று ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கோரலாம். விழுப்புரத்தில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். கொடுத்த விலை ரூ.5 லட்சம் வரை கட்டணம் இல்லை, ரூ.10 லட்சம் வரை ரூ.200. ‘டிராக்டர் வியாபாரப் பொருள், நீங்கள் நுகர்வோர் இல்லை’ என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம் தொடர்பான 1995ஆம் ஆண்டு வழக்கில், பிழைப்புக்காக வாங்கித் தானே ஓட்டும் ஆட்டோக்காரர் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. தன் நிலத்தைத் தானே உழும் சிறு விவசாயிக்கும் அது துணை நிற்கும். ஆலோசனைக்கு 1915, இலவச சட்ட உதவிக்கு 15100 எண்களில் அழைக்கலாம்.

மூன்று ஏக்கருக்குச் சொந்த டிராக்டர் தேவையா என்பதையும் யோசியுங்கள். உழவன் செயலியில் பதிவு செய்தால், வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர் வாடகைக்கு வரும். வாங்கத்தான் வேண்டுமென்றால் மானியத்துக்கு விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகு வாங்குங்கள்.

வாசகர் இன்றே செய்ய வேண்டியது: ரத்துக் கடிதத்தை விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, ரசீதையும் நகலையும் பத்திரப்படுத்துங்கள். கடன் பத்திரம் எழுதும் நாள் வரை காத்திருக்காதீர்கள்.